சாரம்

“வாடகைக்குச் சாரம்” என்று
எங்கள் பலகையில் சிவப்பில் எழுதியிருக்கிறது.
பின்னேரப் பஸ்ஸால் இறங்குகிற ஒருத்தன்
மாதத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பான்:
“அக்கா, தோய்ச்சுத் தருவியளோ?”
சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஒழுங்கை.
இரும்புக் குழாய் நாற்பது, கிளிப் இருநூறு,
கழிக்க மனமில்லாத கமுகந்தடி கொஞ்சம்.
கணக்குக் கொப்பி என்னிடம்.

இரண்டையும் கட்டுவதென்றுதான் சொல்கிறோம்,
இரண்டையும் அவிழ்ப்பதென்றுதான்.

பங்குனியில் மாதா கோயில் முகப்புக்கு
வெள்ளையடிக்கப் போனது எங்கள் சாரம்.
மூன்றாம் தட்டில் நின்ற மரியசீலன்
சரிந்த வாளியைப் பிடிக்கப்போய்த் தவறினான்.
இரண்டாம் தட்டுக் கிளிப் ஒன்று
அவன் மடிச்சுக் கட்டின சாரத்தைப் பிடித்தது.
ஒரு மூச்சு நேரம்.
பிறகு துணி கிழிந்து
மணல் கும்பியில் வந்து விழுந்தான்
கட்டைக் காற்சட்டையோடு,
வலக்கை மணிக்கட்டு மட்டும் உடைந்து.
மேலே நீலக் கட்டம் போட்டது
பொழுதுபடும்வரை ஆடிக்கொண்டு நின்றது.
“பெருநாளுக்கு முன்னமே கொடியேறிட்டுது” என்றார் மூப்பர்.

பெரியாஸ்பத்திரி. பொலிஸ் மேசை.
சார்ஜனுக்கு எங்கள் மொழியில் ஒரு முந்நூறு சொல்.
அதில் இதுவும் ஒன்று;
அவர் ஊரிலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான்.
“எங்கேயிருந்து விழுந்தது?”
“சாரத்திலயிருந்து.”
பேனையை வைத்துவிட்டுப் பார்த்தார்.
“மனிசனிலயிருந்து சாரம் விழும்.
சாரத்திலயிருந்து மனிசன் விழுமா?”
“எப்படித் தப்பினது?”
“சாரம் சாரத்தில மாட்டி.”
மட்டக்களப்புப் பொடியன் ஒருத்தன், கொன்ஸ்தாபிள்,
மொழிபெயர்க்கக் கூப்பிடப்பட்டவன், கொட்டாவியோடு சொன்னான்:
“கதைய விடுங்க அக்கா, சாரத்தச் சொல்லுங்க.”
சார்ஜன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.
மூன்றாவதும் வந்துவிட்டதே.

சாரத்தைச் சொல்வதென்றால்
எங்கேயிருந்து தொடங்குவது தம்பி.
சண்டைக்கு முன் அதை உயர்த்திக் கட்டுவார்கள்,
பாதிரியாரைக் கண்டால் இறக்கி விடுவார்கள்.
மாங்காய் களவெடுத்தால் அது சாக்கு.
நுளம்புக்குத் தலைவரை இழுத்தால் போர்வை.
கிணற்றடியில் உரிக்கிறதும் மாற்றுகிறதும்
அதன் வாய்க்குள்ளேயே நடந்து முடியும்.
பிள்ளை பிறந்தால் வளையில் தொங்கி
ஏணையாகும்;
வாசம் தெரிந்து பிள்ளை உறங்கும்.

வன்னியில், அந்த மாசி மாதம்,
அண்ணாவைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அதுதான்.
இரண்டு தடி. இரண்டு சாரம்.
முடிச்சொன்றும் போடவில்லை,
மூட்டின சாரத்துக்குள் தடி தானாகவே நுழைந்துகொண்டது,
அதற்கென்றே தைத்ததுபோல.
நாலு மைல்.
பிறகு தடியை உருவி எடுத்தார்கள்.
துணியை உருவவில்லை.

அதையெல்லாம் நான் சொல்லவில்லை.
“கிளிப்பில உடுப்பு மாட்டினபடியால் ஆள் பிழைச்சான்,
எங்கட கட்டில பிழையில்லை” என்றேன்.
பொடியன் இரண்டு வரியில் எழுதினான்.
கையெழுத்து வைத்தேன்.

வாட்டில் மரியசீலன்
மனுசியின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு கிடந்தான்.
வலியைவிட அதுதான் அவனுக்கு வெட்கம்.
“அக்கா, அந்தச் சாரத்தை எடுத்தாச்சோ?”
எதைக் கேட்கிறான் என்று எனக்கும் விளங்கவில்லை.
“ரெண்டையும்” என்றேன்.

வரும் வழியில் கஸ்தூரியார் வீதியில் இறங்கி
ஒன்று வாங்கினேன். அதே நீலம் கிடைக்கவில்லை,
பச்சையில் மண்ணிறக் கோடு.
கடைக்காரன் விரித்துக் காட்டியபோது
உள்ளே கைவிட்டுப் பார்த்தேன்,
மூட்டு உறுதிதானா என்று.

இரவு கொப்பியில் செலவுப் பக்கம்:
சாரம், பழுதுக்குப் பதில் புதிது, ஒன்று.
ஆயிரத்துத் தொளாயிரம்.

முதலாளி காலையில் விரலால் வரியைத் தொட்டுப்
படித்துக்கொண்டே போனார்.
அந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.
“குழாய் இவ்வளவு மலிஞ்சிட்டுதோ?” என்றார்.
கேள்வியா என்று தெரியவில்லை.
அடுத்த வரிக்குப் போனார்.